எடைமேடைக் கணினியும் பிழை எண் 2-உம்: பழைய கணினிகளில் நெட்வொர்க் டிரைவர், புரோட்டோகால் நிறுவல் கோளாறுகள்

புதுவயலில் ஓர் அரிசி ஆலையின் கணக்கைப் பார்த்துக்கொள்ளும் அன்பர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. ஆலை வாசலில் உள்ள எடைமேடையோடு சீரியல் கேபிளால் இணைத்த விண்டோஸ் எக்ஸ்பி கணினி ஒன்று இருக்கிறது. எடைமேடை மென்பொருள் எக்ஸ்பியைத் தவிர வேறெதிலும் ஓடாது. ஐப்பசியில் இடி இடித்த ஓர் இரவுக்குப் பிறகு அந்தக் கணினி அலுவலகத்து விண்டோஸ் 10 கணினியோடு தொடர்புகொள்ளவில்லை. வேறு நெட்வொர்க் கார்டு வாங்கிப் பொருத்தியதும், கணினியின் உறுப்புகளைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி வந்தது. கார்டை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருளை, அதாவது டிரைவரை, இணையத்திலிருந்து எடுத்து ஏற்றியபின் மஞ்சள் குறி மறைந்தது. ஆனால் தொடர்பு இருக்கிறதா என்று சோதிக்கும் பிங் கட்டளையைக் கொடுத்தால், 'ஐபி டிரைவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை, பிழை எண் 2' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருகிறது. கணினிகள் ஒன்றோடொன்று பேசும் விதிமுறையான (புரோட்டோகால்) டிசிபி/ஐபியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவலாமென்றால், நீக்கும் பொத்தான் மங்கிக் கிடக்கிறது. பழுது பார்க்க வந்தவர் விண்டோஸையே புதிதாக ஏற்றச் சொல்கிறார். அப்படிச் செய்தால் எடைமேடை மென்பொருளின் உரிமம் போய்விடும் என்று முதலாளி தயங்குகிறார்.

முதலாளியின் தயக்கம் சரியானது. இந்தக் கோளாறுக்காக விண்டோஸை மறுபடி ஏற்ற வேண்டியதில்லை. எதையும் தொடும் முன்பு அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றி, வேறு கணினியில் இணைத்து, முழு வட்டையும் அப்படியே ஒரு படி எடுத்து வைத்துவிடுங்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் சுழன்ற வட்டு எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நெட்வொர்க் கார்டைவிட அதுதான் உங்கள் ஆலைக்குப் பெரிய ஆபத்து.

கோளாறைத் தேடும் முறையைச் சொல்ல நம் ஊர் வீட்டையே எடுத்துக்கொள்கிறேன். செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக அமைந்திருக்கும் பகுதிகளின் நிலைக்கதவுகள் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால், எல்லாம் திறந்திருக்கும்போது தெருவாசலில் நின்றே பின்வாசல் வெளிச்சத்தைப் பார்க்கலாம். நடுவில் ஒரு கதவு சாத்தியிருந்தாலும் வெளிச்சம் தெரியாது. ஆனால் எந்தக் கதவு சாத்தியிருக்கிறது என்பதை வாசலில் நின்றபடி சொல்லவும் முடியாது. கணினியிலும் கார்டு, அதன் டிரைவர், அதற்கு மேலே டிசிபி/ஐபி, அதற்கும் மேலே மற்ற மென்பொருள்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் வின்சாக், கடைசியில் கோப்புப் பகிர்வு என்று வரிசை இருக்கிறது. பிழைச் செய்தி பெரும்பாலும் கோளாறு உள்ள இடத்துக்கு ஒரு படி மேலிருந்தே வருகிறது. ஆகவே செய்தி வந்த இடத்தில் கைவைக்காமல், கீழிருந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வர வேண்டும்.

கீழ்க்கதவு கார்டு. இடிக்குப் பின் கெட்ட கார்டுகளில் முழுவதும் செத்தவை நம்மை ஏமாற்றுவதில்லை. பாதி செத்தவைதான் நாள்கணக்கில் அலைக்கழிக்கின்றன. அவற்றில் பச்சை விளக்கு எரியும், டிரைவர்கூட ஏறும். ஆனால் கட்டளைச் சாளரத்தில் ஐபிகான்ஃபிக் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையுடன் கொடுத்துப் பார்த்தால், கார்டின் சொந்த முகவரி ('பிசிக்கல் அட்ரஸ்') இருக்க வேண்டிய இடத்தில் பன்னிரண்டு இலக்கங்களும் பூச்சியமாகவோ எஃப் எழுத்தாகவோ நிற்கும். தன் முகவரியைச் சேமித்து வைத்திருக்கும் சிறு சில்லு போய்விட்டது என்பதற்கு அது அடையாளம். அந்தக் கார்டோடு மேற்கொண்டு மல்லுக்கட்ட வேண்டாம். இடி கேபிள் வழியாகவே வந்திருக்கக்கூடும் என்பதால், சுவிட்சில் வேறு துளையில் செருகியும் பார்த்துவிடுங்கள். மதர்போர்டிலேயே பழைய லேன் துளை இருந்து அது கருகியிருந்தால், கணினி தொடங்கும்போதே திறக்கும் பயாஸ் அமைப்புத் திரைக்குள் போய் அதை அணைத்துவிட்டால் விண்டோஸ் அதைத் தேடிக் குழம்பாது.

ஆலைக் கணினி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். உமித்தூசு, மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐ துளைக்குள் படிந்து ஈரத்தோடு சேர்ந்தால் நல்ல கார்டே கெட்ட கார்டு போல நடந்துகொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்து, துளையைத் தூரிகையால் சுத்தம் செய்து, கார்டின் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துத் துடைத்து, முடிந்தால் வேறு துளையில் பொருத்துங்கள். டிவைஸ் மேனேஜரில் குறியீடு 10 வந்தால், டிரைவர் ஏறியும் கார்டு இயங்கத் தொடங்கவில்லை என்று பொருள். கார்டு கெட்டிருந்தாலும் வரும், பொருந்தாத டிரைவராலும் வரும். குறியீடு 12 என்றால் வேறு சாதனத்தோடு வளங்களுக்குப் போட்டி. துளை மாற்றினால் பெரும்பாலும் தீரும். குறியீடு 28 என்றால் டிரைவரே இல்லை. அது நல்ல செய்தி, ஏனென்றால் கார்டு உயிரோடு இருப்பதை விண்டோஸ் கண்டுகொண்டுவிட்டது.

அடுத்த கதவு டிரைவர். நீங்கள் இணையத்தில் கிடைத்ததை ஏற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு முதல் ஐயம். பெட்டியில் அச்சிட்ட பெயரை வைத்து டிரைவர் தேடக் கூடாது. டி-லிங்க் நிறுவனத்தின் டிஎஃப்இ-530டிஎக்ஸ் என்ற கார்டில் வியா நிறுவனத்தின் ரைன் சில்லு இருக்கிறது. அதே பெயரின் கடைசியில் ஒரு கூட்டல் குறி சேர்ந்த கார்டில் இருப்பதோ ரியல்டெக் 8139 வகைச் சில்லு. அந்தக் கூட்டல் குறியைக் கவனிக்காமல் விட்டவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறார்கள். நானும் அவர்களுள் ஒருவன். கார்டின் உண்மையான அடையாளம் டிவைஸ் மேனேஜரில் அதன் பண்புகளைத் திறந்து 'டீடெயில்ஸ்' பக்கத்தில் பார்த்தால் தெரியும். அங்கே 'வென்' என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் சில்லைச் செய்த நிறுவனத்தையும், 'டெவ்' என்பதை அடுத்து வரும் நான்கு இலக்கம் சில்லின் வகையையும் குறிக்கும். 10இசி என்றால் ரியல்டெக், 8086 என்றால் இன்டெல், 10பி7 என்றால் த்ரீகாம், 1106 என்றால் வியா. 10இசியும் 8139-உம் சேர்ந்து வந்தால் உங்களுக்கு வேலையே இல்லை. அந்தச் சில்லுக்கான டிரைவர் எக்ஸ்பிக்குள்ளேயே உள்ளது. அப்படியானால் இணையத்தில் எடுத்ததை நீக்கிவிட்டு, விண்டோஸையே தேடிக்கொள்ள விட்டுவிடுங்கள்.

வேறு சில்லாக இருந்து டிரைவரைப் பதிவிறக்கம் செய்ய வேண்டியிருந்தால், ஏற்றுவதற்கு முன்பே அது பொருந்துமா என்று பார்த்துவிட ஒரு வழி உண்டு. டிரைவர் தொகுப்பை விரித்தால் ஐஎன்எஃப் என்று முடியும் ஒரு கோப்பு கிடைக்கும். அதை நோட்பேடில் திறந்து, உங்கள் கார்டின் அந்த எட்டு இலக்கங்களையும் நான்கு நான்காகத் தேடுங்கள். இல்லையென்றால் அது உங்களுக்கான டிரைவர் அன்று. நூறு முறை ஏற்றினாலும் ஏறாது. இருந்தால், தானாக நிறுவும் செயலியை நம்பாமல், 'ஹேவ் டிஸ்க்' பொத்தானைச் சொடுக்கி அந்தக் கோப்புறையை நீங்களே காட்டுங்கள். பென் டிரைவில் கொண்டுபோகிறீர்கள் என்றால் அது ஃபேட்32 முறையில் இருப்பது நல்லது. இப்போது விற்கும் பெரிய பென் டிரைவுகள் எக்ஸ்ஃபேட் முறையில் வருகின்றன, தனி அப்டேட் இல்லாத எக்ஸ்பிக்கு அவை புரியாது.

ஏன் ஏறவில்லை என்பதற்கான காரணத்தை விண்டோஸ் எழுதியே வைக்கிறது, படிப்பவர்தான் குறைவு. எக்ஸ்பியில் விண்டோஸ் கோப்புறைக்குள் செட்டப்ஏபிஐ என்ற பெயரில் ஒரு பதிவுக் கோப்பு இருக்கும். அதன் கடைசிப் பகுதிக்குப் போய், # குறியை அடுத்து இ எழுத்துடன் தொடங்கும் வரிகளைப் பாருங்கள். அவை மட்டுமே பிழைகள், டபிள்யூ எச்சரிக்கை, ஐ வெறும் தகவல். அந்த வரியில் 'பிழை 2' என்றிருந்தால், தேவையான கோப்பு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பொருள். எந்தக் கோப்பு என்பது பெரும்பாலும் அதற்கு இரண்டு மூன்று வரி மேலேயே எழுதியிருக்கும்.

கார்டை மாற்றும்போதும் துளையை மாற்றும்போதும் ஒரு தொல்லை வரும். பழைய கார்டு கழற்றப்பட்டாலும் அதன் பதிவு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருக்கும். புதிய கார்டுக்கு அதே ஐபி முகவரியைக் கொடுத்தால், 'இது வேறொரு கார்டுக்கு ஏற்கெனவே தரப்பட்டுள்ளது' என்று விண்டோஸ் மறுக்கும். கட்டளைச் சாளரத்தில் 'டெவ்எம்ஜிஆர் ஷோ நான்பிரசென்ட் டிவைசஸ்' என்ற மாறியை, சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு, 1 என்று அமைத்து, அதே சாளரத்திலிருந்தே டிவைஸ் மேனேஜரைத் திறந்து, மறைந்தவற்றைக் காட்டும்படி தேர்ந்தால், பழைய கார்டு மங்கலான படத்தோடு தென்படும். அதை நீக்கிவிட்டால் முகவரி விடுபடும். இன்னொரு எச்சரிக்கை: எக்ஸ்பியின் ஆக்டிவேஷன் பத்து வகையான வன்பொருள்களைக் கவனித்துவருகிறது, நெட்வொர்க் கார்டும் அவற்றுள் ஒன்று. நெட்வொர்க் கார்டை மாற்றும் அதே நாளில் ராம், டிஸ்க், டிஸ்ப்ளே கார்டு என்று எல்லாவற்றையும் மாற்றிவிடாதீர்கள்.

இனி உங்கள் பிழைச் செய்திக்கு வருகிறேன். ஐபி டிரைவரைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று பிங் சொல்லும்போது, அது உங்கள் கார்டைப் பற்றிப் பேசவே இல்லை. டிசிபி/ஐபி என்பதும் எக்ஸ்பிக்குள் ஒரு டிரைவர்தான். அந்த டிரைவர் இயங்கவில்லை என்கிறது. பிழை எண் 2 இங்கும் கோப்பு இல்லை என்பதையே சுட்டுகிறது. டிவைஸ் மேனேஜரில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லிவிட்டு, 'நான்-பிளக் அண்டு பிளே' டிரைவர்கள் என்ற கிளையைத் திறங்கள். டிசிபி/ஐபி புரோட்டோகால் டிரைவர், ஏஎஃப்டி, நெட்பயாஸ் ஓவர் டிசிபி/ஐபி, ஐபிசெக் டிரைவர் ஆகிய நான்கையும் பாருங்கள். பலரும் தவறவிடுவது கடைசியாகச் சொன்ன ஐபிசெக்கைத்தான். எக்ஸ்பியில் ஐபிசெக் எழாமல் டிசிபி/ஐபி எழாது. டிசிபி/ஐபி எழாமல், ஐபி முகவரியைத் தானாகப் பெற்றுத்தரும் டிஎச்சிபி சேவை எழாது, அதைக் கையால் தொடங்க முயன்றால் பிழை 1068 என்று திரும்பும். இதே கோப்புகளைக் குறிவைத்த வைரஸ்கள் ஒரு காலத்தில் நிறைய உலவின. வைரஸை நீக்கும் மென்பொருள் நோயோடு சேர்த்துக் கோப்பையும் எடுத்துவிட்டுப் போவதும் நடக்கும். டிரைவரைப் பென் டிரைவில் கொண்டுவந்த அன்று ஆன்டிவைரஸ் எதையாவது சுத்தம் செய்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இடிக்கும் இந்தப் பிழைக்கும் நேர்த் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம்.

மஞ்சள் குறியுள்ள டிரைவரின் கோப்பு, சிஸ்டம்32-க்குள் டிரைவர்ஸ் என்ற கோப்புறையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எக்ஸ்பி குறுந்தகட்டிலிருந்து எடுக்கலாம் என்றுதான் முதலில் தோன்றும், அவசரப்படாதீர்கள். உங்கள் கணினியில் சர்வீஸ் பேக் 3 இருந்து, குறுந்தகடு சர்வீஸ் பேக் 1 காலத்தது என்றால், பதிப்பு முரண்பட்டுப் புதிய சிக்கல் வரும். விண்டோஸ் கோப்புறைக்குள் சர்வீஸ்பேக்ஃபைல்ஸ் என்ற கோப்புறை இருந்தால், அதனுள் ஐ386 என்பதற்குள் சரியான பதிப்பு காத்திருக்கும். அதை நகலெடுத்து உரிய இடத்தில் வைத்து, கணினியை மறுபடி தொடங்கி, கணினி தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற முகவரிக்குப் பிங் கொடுங்கள். பதில் வந்தால் உங்கள் கோளாறில் பெரும்பகுதி முடிந்தது.

கோப்புகள் எல்லாம் இருந்தும் பதில் வரவில்லையென்றால் மட்டுமே, விண்டோஸின் அமைப்புகள் பதிவாகியிருக்கும் ரெஜிஸ்ட்ரிப் பக்கம் போக வேண்டும். 'நெட்ஷ்' கட்டளையின் 'இன்ட் ஐபி ரீசெட்' டிசிபி/ஐபியின் அமைப்புகளை நிறுவிய நாளின் நிலைக்குத் திருப்பும். அதற்கு ஒரு பதிவுக் கோப்பின் பெயரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கையால் இட்ட ஐபி முகவரி போய்விடும் என்பதால் முன்கூட்டியே ஒரு தாளில் குறித்துவையுங்கள். அதே கட்டளையின் 'வின்சாக் ரீசெட்' சர்வீஸ் பேக் 2 முதல் கிடைக்கிறது. பிங் வேலை செய்தும் மற்ற மென்பொருள்கள் எதுவும் நெட்வொர்க்கைத் தொட முடியாத நிலையில் அது மருந்து. ஆன்டிவைரஸோ பிற மென்பொருள்களோ வின்சாக்கில் தம்மைச் செருகிக்கொண்டிருந்தால் அவை கழன்றுவிடும். பிறகு அவற்றை மறுபடி நிறுவ வேண்டியிருக்கும்.

நீக்கும் பொத்தான் மங்கியிருப்பது கோளாறு அன்று. எக்ஸ்பியில் டிசிபி/ஐபி இயங்குதளத்தின் உட்பகுதி என்பதால் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். உண்மையிலேயே பெயர்த்து எடுக்க வேண்டிய நிலை வந்தால், விண்டோஸின் ஐஎன்எஃப் கோப்புறையில் நெட்டிசிபிஐபி என்ற கோப்பை நகலெடுத்து வைத்துவிட்டு, அதன் முதன்மை நிறுவல் பகுதியில் 'கேரக்டரிஸ்டிக்ஸ்' என்பதற்கு எதிரே உள்ள 0எக்ஸ்ஏ0 என்ற மதிப்பை 0எக்ஸ்80 என்று மாற்றிச் சேமிக்க வேண்டும். பின்பு 'ஹேவ் டிஸ்க்' வழியாக அதே கோப்புறையைக் காட்டி டிசிபி/ஐபியைச் சேர்த்தால் நீக்கும் பொத்தான் உயிர்பெறும். நீக்கியதும் கணினியை மறுபடி தொடங்கிய பிறகே மீண்டும் நிறுவ வேண்டும். நடுவில் வரும் அந்த மறுதொடக்கத்தைத் தவிர்ப்பவர்களே 'எல்லாம் செய்து பார்த்துவிட்டேன், பயனில்லை' என்று சொல்பவர்களில் பெரும்பாலோர். வேலை முடிந்ததும் மதிப்பைப் பழையபடி மாற்றிவிடுங்கள். உங்கள் வழக்கில் இந்த அளவுக்குப் போக வேண்டிவராது என்றே நினைக்கிறேன்.

வேறு விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்காகச் சுருக்கமாக இரண்டு சொல். விண்டோஸ் 98-இல் புரோட்டோகால் சேர்க்கும்போது குறுந்தகடு கேட்டு நின்றுவிட்டால், விண்டோஸ் கோப்புறைக்குள் ஆப்ஷன்ஸ், அதற்குள் கேப்ஸ் என்ற இடத்தைக் காட்டிப் பாருங்கள். கணினியோடு விற்கப்பட்ட பல பதிப்புகளில் நிறுவல் கோப்புகள் அங்கேயே இருக்கும். ஒரே கார்டு இரண்டு மூன்று முறை பதிவாகியிருந்தால் சேஃப் மோடில் மட்டுமே எல்லாம் தெரியும், அங்கே போய் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுத் தொடங்குவதே நல்லது. விண்டோஸ் 7-இல் குறியீடு 52 வந்தால் டிரைவரின் கையொப்பத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று பொருள். 2015 மார்ச்சில் வந்த கேபி3033929 அப்டேட் இல்லாத கணினி, புதிய முறைக் கையொப்பத்தை ஏற்காது. அதே விண்டோஸ் 7-இல் விபிஎன் போன்றவற்றை நிறுவும்போது 0எக்ஸ்8004ஏ029 என்ற பிழை வந்தால், நெட்வொர்க் ஃபில்டர்களின் எண்ணிக்கை எல்லையைத் தொட்டுவிட்டது; இயல்பான எல்லை 8, ரெஜிஸ்ட்ரியில் அதை 14 வரை உயர்த்தலாம். பயன்படுத்தாத பழைய விபிஎன்களை நீக்குவது அதைவிட மேல்.

பிங் சரியாகிவிட்ட பிறகும் உங்களுக்கு ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அலுவலகக் கணினியின் பகிர்வுக் கோப்புறையை எக்ஸ்பியிலிருந்து திறந்தால் திறக்காமல் போகலாம். எக்ஸ்பிக்குத் தெரிந்த கோப்புப் பகிர்வு முறை எஸ்எம்பி1 ஒன்றுதான். பாதுகாப்புக் குறைபாடுகளால், 2017-இல் வந்த 1709 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் விண்டோஸ் 10-இல் அதை இயல்பாகச் சேர்ப்பதில்லை. இடிக்கு முன்பு வேலை செய்தது என்றால் யாரோ அதை இயக்கி வைத்திருந்திருக்க வேண்டும், அல்லது அந்த விண்டோஸ் பழைய பதிப்பிலிருந்து உயர்த்தப்பட்டதாக இருக்கும். அதை மறுபடி இயக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அலுவலகக் கணினியில் கோப்புகளை வாங்கிக்கொள்ளும் ஒரு எஃப்டிபி சர்வரை வைத்துக்கொண்டால், எக்ஸ்பியில் ஏற்கெனவே உள்ள எஃப்டிபி கட்டளையாலேயே அன்றன்றைய எடைக் கோப்பை அனுப்பிவிடலாம்.

எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8-உடன் நின்றுவிட்டது என்பதால் அந்தக் கணினி இணையத்துக்குப் போகவே கூடாது. அதற்கு எளிய வழி, ஐபி முகவரியைக் கையால் இடும்போது டிஃபால்ட் கேட்வே என்ற கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவது; எடைமேடைக்கும் அலுவலகத்துக்கும் இடையே பேச்சு நடக்கும், ரவுட்டரைத் தாண்டி எதுவும் போகாது.

கார்டு உண்மையிலேயே செத்துவிட்டது என்று முடிவானால், ரியல்டெக் 8139 சில்லுள்ள பிசிஐ கார்டு ஒன்றைத் தேடுங்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் நூறாண்டுப் பழைய பர்மாத் தேக்கு அலமாரியைக்கூட வாங்கிவிடலாம்; இருபதாண்டுப் பழைய பிசிஐ கார்டுதான் அரிது. கழித்துக்கட்டிய கணினிகளைக் குவித்து வைத்திருக்கும் பழுதுக் கடைகளில் கேட்டு, கிடைத்தால் இரண்டாக வாங்குங்கள். வைஃபை போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், வீடானாலும் ஆலையானாலும் நம் பக்கத்துப் பழைய சுவர்களின் பருமனை அவருக்கு நினைவூட்டுங்கள். அதோடு, வைஃபைக்கான டபிள்யூபிஏ2 பாதுகாப்பு முறையை எக்ஸ்பி தனி அப்டேட் இல்லாமல் அறிவது சர்வீஸ் பேக் 3-இல்தான்.

கார்டின் அந்த எட்டு இலக்கங்களையும், மறைந்த டிரைவர்கள் நான்கில் மஞ்சள் குறி எதன்மேல் நிற்கிறது என்பதையும், செட்டப்ஏபிஐ பதிவில் இ எழுத்தில் தொடங்கும் கடைசி இரண்டு வரிகளையும் எழுதி அனுப்புங்கள். எந்தக் கோப்பை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அதன்பின் சொல்கிறேன்.